கேஸ்ல மலை ஏறும்போது மட்டும் மூணாவது சிலிண்டர் மிஸ் ஆகுதுங்க: பி0303, பிளக் மாத்தியும் போகலை

சென்னிமலை நெசவு:

வணக்கமுங்க. வண்டி 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், 2016 மாடல், 94,000 கி.மீ. ஓடியிருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெளியில சி.என்.ஜி. சீக்வென்ஷியல் கிட் போட்டது. ஒவ்வொரு பிளக்குக்கு மேலயும் பொறிக்கு வோல்ட் கொடுக்கற காயில் தனித்தனி.

பண்ணாரியில இருந்து திம்பம் ஏறும்போது கேஸ்ல ஓட்டுனா, ஏழெட்டு வளைவு தாண்டுனதும் உதற ஆரம்பிக்குது. மூணாம் கியர்ல நல்லா மிதிச்சா செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு மின்னுது. காலை எடுத்தா அடங்கிடுது. பெட்ரோலுக்கு மாத்துனா பெரும்பாலும் சரியாயிடுது. ஆனா ஏ.சி. போட்டு அஞ்சு பேரோட ஏறுனா பெட்ரோல்லயும் லேசா ஒரு வெட்டு இருக்கு. ஐடில்ல நிறுத்தி வெச்சா ஒரு குறையும் தெரியலைங்க.

ஸ்கேனர்ல பி0303 மட்டும் வருது. நாலு பிளக்கும் புதுசு போட்டாச்சு. ஒரு 300 கி.மீ. நல்லா ஓடுச்சு, திரும்பவும் அதே. இப்ப ஒருத்தர் நாலு காயிலும் மாத்தச் சொல்றார், இன்னொருத்தர் இன்ஜெக்டர் கிளீனிங்கறார், வேறொருத்தர் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் செஞ்ச வேலைங்கறார். மாசக் கடைசியில மைசூர் போக இதே மலைதான் ஏறணும். எதுல இருந்து ஆரம்பிக்கறதுங்க?

சிங்காநல்லூர் ஸ்பேனர்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க. நீங்க எழுதுனதுலயே பாதி விடை இருக்குங்க. பெட்ரோலை விட கேஸ்ல மோசம். ஐடில்ல இல்லை, இழுவையில மட்டும். நாலுல ஒரே ஒரு சிலிண்டர். இந்த மூணும் ஒட்டுக்கா வந்தா மொதல்ல சந்தேகப்பட வேண்டியது அந்த சிலிண்டரோட பொறியைத்தான்.

பிளக் முனையில பொறி தாவ எத்தனை வோல்ட் வேணுங்கறது எப்பவும் ஒரே அளவு கிடையாது. ஐடில்ல த்ராட்டில் மூடியிருக்கும், சிலிண்டருக்குள்ள போற காத்து கொஞ்சம், அழுத்தமும் கொஞ்சம். பத்தாயிரம் வோல்ட் சுமாருக்கே பொறி தாவிடும். மலையில மிதிக்கறப்ப காத்து முழுசா உள்ள போய் அமுங்குது, அப்ப அதே இடைவெளியைத் தாண்ட இருபதாயிரத்துக்கு மேலயும் வேணும். சி.என்.ஜி.யில பெட்ரோலை விட இன்னும் கூடுதலா வேணும். காயில் அத்தனையும் கொடுத்தாலும், வழியில, காயிலையும் பிளக்கையும் இணைக்கற ரப்பர் பூட்ல ஒரு மயிரிழை விரிசல் இருந்தாப் போதும், மின்சாரம் பிளக் முனைக்குப் போகாம பூட்டைத் துளைச்சு பக்கத்து இரும்புக்குத் தாவிடும். அந்தச் சுத்து சிலிண்டர் எரியாது. அதனாலதான் மலையில மிஸ், வீட்டு வாசல்ல நல்லா இருக்கு.

இ20 பத்தி ஒரு வரி: பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் ஒரே டேங்க்ல இருந்துதான் போகுது. அதுல குறைன்னா நாலும் சேர்ந்து பாதிக்கும், ஒரு சிலிண்டரைக் குறிக்காத பி0300 வரும். மூணாவதை மட்டும் பிடிச்சு ஆட்டாது. அதுவும் உங்களுக்கு கேஸ்ல ஓடறப்பதானே அதிகம் வருது.

செய்ய வேண்டியது இதுதான். எஞ்சின் முழுசா ஆறின பொறவு, காலையில முதல் வேலையா செய்யுங்க. அலுமினிய ஹெட்ல சூடா இருக்கறப்ப பிளக்கைக் கழட்டுனா மரை போயிடும். சாவியை எடுத்துடுங்க. ஸ்கேனர் காட்டுன எரர் கோடை ஒரு தாள்ல எழுதிட்டு, ஸ்கேனர்ல அழிச்சுடுங்க. கப்பி இருக்கற பக்கத்துல இருந்து எண்ணுனா ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாவது காயிலை ஒண்ணாவதுக்கும், ஒண்ணாவதை மூணாவதுக்கும் மாத்துங்க. மூணாவது பிளக்கை நாலாவதுக்கும், நாலாவதை மூணாவதுக்கும் மாத்துங்க. திரும்ப ஓட்டிப் பாருங்க. பி0301 வந்தா காயில். பி0304 வந்தா பிளக். இடம் மாறாம பி0303-யே நின்னா இன்ஜெக்டர், வால்வு, ஒயரிங் பக்கம் போகலாம். பைசா செலவில்லை.

லைட் மின்னறப்ப மட்டும் விளையாடாதீங்க. நின்னு எரிஞ்சா குறை பதிவாகியிருக்குன்னு அர்த்தம். மின்னுனா கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடற அளவுக்கு மிஸ் ஆகுதுன்னு அர்த்தம். எரியாம போற எரிபொருள் அங்க போய் எரிஞ்சு, உள்ள இருக்கற தேன்கூட்டையே உருக்கிடும். காயிலை விட அது பல மடங்கு விலை. மின்னுனா உடனே பெட்ரோலுக்கு மாத்துங்க, ரெண்டாம் கியருக்கு இறக்குங்க, காலை லேசாக்குங்க.

கரூர் ஓபிடி:

ஸ்பேனர் அண்ணா சொன்ன முறை நல்ல முறைதானுங்க. ஒரு இடத்துல மட்டும் வரிசையை மாத்தணும். பிளக்கை இடம் மாத்தறதுக்கு முன்னாடி கழட்டிக் கண்ணால பாருங்க. புது பிளக் 300 கி.மீ.ல தோத்துச்சுன்னா, அது கார்பன் டிராக் (மின்சாரம் தாவித் தாவி விழுந்த கரித்தடம்) ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். அதைக் கொண்டுபோய் நாலாவது கிணத்துல (பிளக் உக்கார்ற குழியில) போட்டா நல்லா இருக்கற நாலாவது பூட்டும் கருகிடும். ஒரு குறை ரெண்டாயிடும்.

பார்க்க வேண்டியது பிளக்கோட வெள்ளைப் பீங்கான் பகுதி. மேல் நுனியில இருந்து அறுகோண இரும்பு வரைக்கும் மெல்லிசா ஒரு கோடு, கூர் சீவுன பென்சில்ல இழுத்த மாதிரி சாம்பலா இருக்கும். துணியில துடைச்சாப் போகாது. இரும்பை ஒட்டி சுத்திவர இருக்கற பழுப்புக் கறையை அதுன்னு நினைச்சுடாதீங்க, அது சாதாரணமா எல்லா பிளக்லயும் வரும். நெடுக்கா ஓடற கோடுதான் குற்றவாளி. பூட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா அதே இடத்துல வெள்ளையாவோ சாம்பலாவோ ஒரு தடம் இருக்கும். கோடு இருந்தா சோதனை அங்கேயே முடிஞ்சுது, அந்த பிளக்கும் அந்த பூட்டும் ஜோடியா குப்பைக்கு. பிளக்கை மட்டும் மாத்துனா, பழைய பூட்டுல இருக்கற தடத்து வழியாவே மின்சாரம் திரும்ப இறங்கி புது பிளக்லயும் கோடு போட்டுடும். உங்க 300 கி.மீ. கணக்கு எனக்கு அப்படித்தான் தெரியுது.

ஸ்கேனர்ல எரர் கோடை மட்டும் படிச்சா போதாதுங்க. ஃப்ரீஸ் ஃபிரேம் பாருங்க. மிஸ் ஆன அந்த நொடியில ஆர்.பி.எம்., லோடு, கூலன்ட் சூடு, ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுது, குறைக்குதுங்கற அளவு) எல்லாம் அதுல நிக்கும். மோடு 6 (வண்டி தானே செஞ்ச சோதனைகளோட கணக்கு) காட்டற ஆப் இருந்தா இன்னும் நல்லது. அதுல ஏ2 முதல் ஏ5 வரைக்கும் ஒண்ணுல இருந்து நாலு சிலிண்டரோட மிஸ்ஃபயர் எண்ணிக்கை இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஏ4. அதுல 0சிங்கற வரி இப்ப ஓட்டுன, இல்லைன்னா கடைசியா ஓட்டுன பயணத்தோட எண்ணிக்கை. 0பி கடந்த பத்துப் பயணத்தோட சராசரி. லைட் எரியறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த எண் ஏற ஆரம்பிச்சுடும்.

ஃபியூயல் ட்ரிம்மைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. பொறி இல்லாம மிஸ் ஆன சிலிண்டர்ல இருந்து காத்து அப்படியே ஆக்ஸிஜனோட சைலன்சருக்கு வருது. ஆக்ஸிஜன் சென்சார் அதைப் பார்த்துட்டு எரிபொருள் பத்தலைன்னு நினைச்சுக்கும், ஈ.சி.யூ. இன்னும் ஊத்தும். பிளஸ் 12, பிளஸ் 15-னு ட்ரிம் காட்டறதைப் பார்த்து இன்ஜெக்டர் அடைப்புன்னு முடிவு கட்டறது இதனாலதான் அடிக்கடி நடக்குது. மிஸ் ஆகாத நேரத்து ட்ரிம்மைத்தான் நம்பணும். அப்ப ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ரெண்டு ட்ரிம்மோட கூட்டுத்தொகை பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா எரிபொருள் பக்கம் நல்லா இருக்கு.

இன்னொண்ணு, சோதனைக்குத் திம்பம் போகாதீங்க. 27 கொண்டை ஊசி வளைவுல நிறுத்த இடமும் கிடையாது, யானை நடமாட்டமும் இருக்கு. அதே லோடை சமதளத்துலயே உண்டாக்கலாம். பெருந்துறை பக்கம் நாலுவழிச் சாலையில கூட்டம் இல்லாத நேரமாப் பார்த்து, நாலாம் கியர்ல 1,800 ஆர்.பி.எம்.க்கு இறக்கி, முக்கால் மிதி மிதிச்சு 3,000 வரைக்கும் ஏத்துங்க. அஞ்சாறு தடவை. கேஸ்ல ஒரு சுத்து, பெட்ரோல்ல ஒரு சுத்து. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து போனைப் பார்க்கட்டும், ஓட்டறவர் ரோட்டைப் பார்க்கணும்.

காங்கேயம் கேஸ் கிட்:

பொறியைத்தான் மொதல்ல பாக்கணும், ஒத்துக்கறேன். ஆனா பெட்ரோல்ல சுத்தமா நல்லா இருந்து கேஸ்ல மட்டும் மிஸ் ஆகுற வண்டிக்கு, காயில் பார்த்த பொறவு பாக்க வேண்டிய இடம் வேற. அதையும் இங்கேயே எழுதிடறேன், தேடி வர்றவங்களுக்கு உதவும்.

ரெட்யூசருக்கும் (கேஸ் பிரஷரை இறக்கற பாகம்) ரெயிலுக்கும் (கேஸ் இன்ஜெக்டர்கள் இருக்கற பாகம்) நடுவுல ஒரு சின்ன பில்டர் இருக்கும், பல பேர் கிட் போட்ட நாள்ல இருந்து அதைத் தொட்டிருக்கவே மாட்டாங்க. அது அடைச்சா ஐடிலுக்குப் போதுமான கேஸ் வரும், மலைக்குப் பத்தாது. ஆனா நாலு சிலிண்டரும் சேர்ந்து இளைக்கும். ரெட்யூசரும் அப்படித்தான். டேங்க்ல நிரம்புனப்ப 200 பார் இருக்கறதை சுமார் 2 பாருக்கு இறக்கறப்ப பயங்கரமா குளிரும், கூலன்ட் சுத்தி வந்துதான் அதைச் சூடா வெச்சிருக்கு. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சு ரெட்யூசர்ல காத்து அடைச்சா, நீள ஏத்தத்துல அது உறைஞ்சு பிரஷர் விழும். அதுவும் எல்லா சிலிண்டருக்கும் பொது.

ஒரே சிலிண்டர்னா கேஸ் இன்ஜெக்டர், அதுல இருந்து மேனிஃபோல்டுக்குப் போற குட்டி ஓஸ், மேனிஃபோல்டுல துளை போட்டு மாட்டுன நாசில், இந்த மூணுதான். நாசில் அடி லூசா இருந்தா அது வழியா காத்தும் உள்ள போகும், அப்ப பெட்ரோல்ல ஐடில் கூட ஆடும். சந்தேகம்னா மூணாவதையும் ரெண்டாவதையும் இடம் மாத்திப் பாக்கலாம். ஓஸை மட்டும் மாத்துனா பத்தாது, ஒயர் சாக்கெட்டையும் சேர்த்து மாத்தணும், இல்லைன்னா கேஸ் தப்பான நேரத்துல பாயும். அதுக்கு முன்னாடி டேங்க் வால்வை மூடிட்டு, லைன்ல இருக்கற கேஸ் தீர்ற வரைக்கும் எஞ்சினை ஓட விட்டு நிறுத்துங்க. மாட்டுன பொறவு சோப்புத் தண்ணி தடவி குமிழி வருதான்னு பாருங்க. தைரியம் இல்லைன்னா கேஸ் லைன்ல கை வெக்காதீங்க, கிட் போட்டவங்ககிட்ட விடுங்க.

அப்பறம் பிளக் இடைவெளி எவ்வளவு வெச்சீங்க? பெட்ரோலுக்கு 1.0, 1.1 மி.மீ.னு வர்ற பிளக்கை அப்படியே போட்டு கேஸ்ல ஓட்டுனா காயில் எப்பவும் முட்டிக்கிட்டே வேலை செய்யும். ரெண்டுலயும் ஓடற வண்டிக்கு 0.8 மி.மீ. சுமாருக்கு வெக்கறது வழக்கம். ஃபீலர் கேஜ் வெச்சு, பக்க முனையை மட்டும் மெதுவா தட்டுங்க. இரிடியம் பிளக்ல நடு முனை ஊசி மாதிரி இருக்கும், அதுல எதுவும் படக்கூடாது, உடைஞ்சுடும்.

ஆழியாறு:

பொறியும் கேஸ் இன்ஜெக்டரும் நல்லா இருந்து பி0303 விடாம நின்னா கம்ப்ரஷன் பாக்காம நகராதீங்க. கேஸ்ல ஓடற வண்டியில வால்வு சீட் தேயும். பெட்ரோல்ல இருக்கற ஈரம் கேஸ்ல கிடையாது, வால்வு காய்ஞ்ச சீட்லயே அடிச்சு அடிச்சு உள்ள இறங்கும். இறங்க இறங்க, வால்வுக்கும் அதை அமுக்கற பாகத்துக்கும் நடுவுல இருக்கற டேப்பட் இடைவெளி குறையும். கடைசியில வால்வு முழுசா மூடாது. ஆனா அதோட அடையாளம் உங்களுக்கு நேர் எதிர்: ஐடில்ல, அதுவும் சூடான பொறவு, உதறும், ஆர்.பி.எம். ஏறுனா சரியாயிடும். அதனால உங்க வண்டிக்கு இது பின்னாடிதான் வருது.

கம்ப்ரஷன் பாக்கறப்ப நாலு பிளக்கையும் கழட்டி, காயில் சாக்கெட், இன்ஜெக்டர் சாக்கெட் எல்லாம் பிடுங்கி, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அஞ்சாறு அமுக்கு சுத்த விடணும். எண்ணை விட வித்தியாசம்தான் முக்கியம். 170, 175, 172 பி.எஸ்.ஐ.னு மூணு இருக்க ஒண்ணு மட்டும் 130-னா அங்கதான் கோளாறு. அந்தக் கிணத்துல ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க. ஏறுனா ரிங், ஏறலைன்னா வால்வு. பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைஞ்சா நடுவுல ஹெட் கேஸ்கட்.

எஞ்சின் ஓடறப்ப காயிலைத் தூக்கிப் பாக்கற பழக்கம் சில பட்டறைகள்ல இன்னும் இருக்கு. செய்ய விடாதீங்க. போக வழியில்லாத வோல்ட் காயிலையும் ஈ.சி.யூ.வையும் கொல்லும், கையில பட்டா ஆளையும் தூக்கி வீசும். எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பாக்கணும்னா பெட்ரோல்ல ஓட விட்டு இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒண்ணொண்ணா பிடுங்குங்க. பிடுங்குனா ஆர்.பி.எம். விழணும், விழாத சிலிண்டர்தான் செத்த சிலிண்டர்.

சென்னிமலை நெசவு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். இன்னிக்கு காலையில கழட்டிப் பார்த்தேன். மூணாவது காயிலை உருவுனதும் பூட்டு நுனி ஆயில்ல நனைஞ்சு, மத்த மூணை விட உப்பி, பிசுபிசுன்னு இருந்துச்சு. கிணத்துக்குள்ள அரை விரல் அளவுக்கு ஆயில் நிக்குது. பிளக் பீங்கான்ல கரூர் அண்ணா சொன்ன அதே கோடு, நெடுக்கா ஒண்ணு. மத்த மூணு கிணறும் சுத்தமா இருக்கு. இடைவெளி அளந்தா 1.1 மி.மீ. இனி பூட்டு, பிளக் மட்டும் மாத்துனா போதுங்களா, காயிலும் வேணுமா? ஆயில் எங்க இருந்து வருதுங்க?

சிங்காநல்லூர் ஸ்பேனர்:

கரூர்க்காரர் சொன்னது சரி, பார்த்துட்டு மாத்தறதுதான் முறை. நான் அந்த வரியை முன்னாடி வெச்சிருக்கணும்.

ஆயில் டேப்பட் கவர்ல (எஞ்சின் ஹெட்டோட மேல் மூடி) இருந்து இறங்குது. கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஒவ்வொரு பிளக் கிணத்தைச் சுத்தியும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். 94,000-த்துல அது காய்ஞ்சு கருங்கல் மாதிரி ஆகியிருக்கும். ஆயில் பட்டா பூட் ரப்பர் ஊறி உப்பும், அப்பறம் வெடிக்கும், மின்சாரம் அங்க துளைக்கும். இப்ப பூட்டை மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல திரும்ப இதே இடம். அதனால டேப்பட் கவர் கேஸ்கட், கிணத்து வளையங்கள், ரெண்டும் செட்டா வாங்குங்க. மூணாவதை மட்டும் மாத்தாதீங்க, மத்த மூணும் அதே வயசு.

பிளக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்த ஆயிலை எடுத்துடணும், இல்லைன்னா சிலிண்டருக்குள்ள இறங்கிடும். நீங்க ஏற்கனவே கழட்டிட்டீங்கன்னா, முதல் ஸ்டார்ட்ல சித்தெ நீலப் புகை வரும், பயப்படாதீங்க. சிரிஞ்சுல குட்டி டியூப் மாட்டி உறிஞ்சுங்க, மிச்சத்தைத் துணி சுத்துன குச்சியால துடைங்க. மணல் இருந்தா காத்து அடிச்சு வெளியேத்துங்க, கண்ணாடி போட்டுக்கோங்க. கவரைத் தூக்குனதும் பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, இரும்பு பட்டா அலுமினியம் கீறிடும். செயின் கவரும் ஹெட்டும் சேர்ற ரெண்டு மூலையில மட்டும் சீலன்ட் ஒரு பொட்டு. போல்ட்டை நடுவுல இருந்து வெளிப்பக்கமா, ரெண்டு சுத்துல, சீரா இறுக்குங்க. சின்ன போல்ட், முறுக்குனா உடைஞ்சுடும்.

பூட்டும் உள்ள இருக்கற ஸ்பிரிங்கும் காயில் இல்லாம தனியா கிடைக்குதான்னு ஸ்பேர்ஸ் கடையில கேளுங்க, பல மாடலுக்குக் கிடைக்குது. பூட்டு வாயில டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் மெல்லிசா ஒரு வளையம் தடவுங்க, ஸ்பிரிங்ல வேண்டாம். பிளக் நாலையும் 0.8-க்கு வெச்சு, கையால முழுசா திருகி உக்கார வெச்சிட்டு, டார்க் ரெஞ்ச் இருந்தா மேனுவல் அளவு, இல்லைன்னா வாஷர் வெச்ச புது பிளக்குக்கு அரைச் சுத்துல இருந்து முக்காலுக்குக் கொஞ்சம் கம்மியா. ஏற்கனவே போட்ட பிளக்னா வாஷர் அமுங்கியிருக்கும், பன்னெண்டுல ஒரு பங்கு சுத்து போதும்.

காயில் வாங்காதீங்க. இந்த வேலையெல்லாம் முடிஞ்ச பொறவு மூணாவது காயிலை ஒண்ணாவது கிணத்துல மாட்டி ஓட்டுங்க. பி0301 வந்தா மட்டும் அந்த ஒரு காயில். நாலையும் மாத்தச் சொல்றது காயிலுக்கு எந்தக் குறையும் தெரியாம சொல்ற பேச்சு. மீட்டர்ல ஓம் பார்த்து முடிவு பண்றதும் வேண்டாம், உள்ளேயே டிரான்சிஸ்டர் இருக்கற காயில்ல அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது.

கரூர் ஓபிடி:

ஓட்டிப் பாக்கறப்ப கேஸ்ல, ஏ.சி. போட்டு, எஞ்சின் நல்லா சூடான பொறவு பாருங்க. காயில் உள்ள விரிசல் இருந்தா சூட்டுலதான் காட்டும். வீட்டைச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓட்டிட்டு சரியாப் போச்சுன்னு நினைக்க வேண்டாம். இனிமே வாட்டர் சர்வீஸ் விடறப்ப எஞ்சின் மேல பிரஷர் கன் அடிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க. காயில் கிணத்துல தண்ணி நின்னாலும் இதே கதைதான்.

சென்னிமலை நெசவு:

கேஸ்கட் செட், நாலு வளையம், ஒரு பூட், ஒரு பிளக் மாத்தியாச்சுங்க. மத்த மூணு பிளக்கும் 0.8-க்கு வெச்சாச்சு. மூணாவது காயில் இப்ப ஒண்ணாவது கிணத்துல இருக்கு. விஜயமங்கலம் வரைக்கும் போய் வந்தேன், கேஸ்ல, ஏ.சி.யோட, நாலாம் கியர்ல ஆறு தடவை முக்கால் மிதி. ஒரு வெட்டும் இல்லை. மோடு 6-ல 0சி வரி: ஏ2 பூஜ்யம், ஏ3 பூஜ்யம், ஏ4 பூஜ்யம், ஏ5 பூஜ்யம். லாங் டெர்ம் ட்ரிம் பெட்ரோல்ல பிளஸ் 2, கேஸ்ல பிளஸ் 4. 500 கி.மீ. ஆனதும் திரும்ப கிணத்தைத் திறந்து ஆயில் இருக்கான்னு பார்த்துட்டு இங்கேயே எழுதறேனுங்க.